வயல் கழிவிலிருந்து உணவுத் தட்டு: மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு வருடக் கணக்கு

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் வைக்கோல், கரும்புச் சோகை, வாழைத்தண்டு, மாம்பழத் தோல் எல்லாம் வீணாகப் போகிறது. இதை வைத்து ஹோட்டல் பார்சலுக்கான தட்டு, டப்பா செய்யும் தொழில் தொடங்கலாமா? நான்கு நண்பர்கள் சேர்ந்து பணம் போடுகிறோம். எந்த மெஷின் வாங்கலாம்?"

தம்பி, மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் காகித ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஊர் திரும்பிய பிறகு கடத்தூர் பக்கத்தில் பாக்கு மட்டைத் தட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போலவே ஆசையோடு வந்து, கடன் வாங்கி மெஷினை இறக்கி, ஆறே மாதத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வைக்கோலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள்; நம் ஊரில் மாடு தின்கிறது. வைக்கோல், கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, கடலைக்கொடி எல்லாமே தீவனம். சித்திரை, வைகாசியில் ஒரு கட்டு வைக்கோலுக்கு அலைகிற இடத்தில் அதை வாங்கித் தட்டு செய்யப் புறப்பட்டால், பால் மாடு வைத்திருப்பவர்களோடு போட்டி போட்டு விலை கொடுக்க வேண்டிவரும். நமக்கும் நஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். போதாததற்கு நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். வெட்டும் கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும். கடலை ஓடு பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் விலைக்குப் போகிறது. தேங்காய் மட்டையைக் கயிறு ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கரும்புச் சக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடையில் விற்கிற வெள்ளைத் தட்டு பெரும்பாலும் சக்கைக் கூழில் செய்தது என்று தெரிந்ததும் கேட்பீர்கள். ஒரு டன் கரும்பை ஆட்டினால் சுமார் 300 கிலோ சக்கை வரும், அதில் பாதி ஈரம். கோபாலபுரம் ஆலையானாலும் பாலக்கோடு ஆலையானாலும் சர்க்கரை ஆலைக்குச் சக்கைதான் விறகு. கரூர் புகளூரில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய டி.என்.பி.எல். காகித ஆலை கூட, சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்துத்தான் சக்கையை வாங்கியது. நான்கு நண்பர்கள் அந்தப் பேரத்துக்குள் நுழைய முடியாது. சாலையோர ஜூஸ் கடைச் சக்கையை வாரலாமே என்றால், அதில் மிச்சமிருக்கிற சர்க்கரை இரண்டு நாளில் புளித்து, குவியல் சூடேறி, நிறம் மாறிவிடும்.

அப்படியானால் உண்மையிலேயே கேட்பாரில்லாமல் கிடப்பது எது? முதலில் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை. கரும்பு வெட்டிய வயலில் ஏக்கருக்கு 3, 4 டன் காய்ந்த சோகை கிடக்கும். பெரும்பாலும் தீ வைத்துவிடுகிறார்கள். அதிலும் பாதியை மூடாக்காக மண்ணுக்கே விட வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. நம் செம்மண் பூமியில் ஈரம் காக்கிற எதையும் முழுதாக வாரிக்கொண்டு போகக் கூடாது. அடுத்தது வாழை. தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஆனால் மிச்சமிருக்கிற நார் நீளமானது, வலுவானது.

மாம்பழத் தோலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா ரக மாம்பழம் அரைக்கிற மே, ஜூன், ஜூலை மாதங்களில் தோலும் கொட்டையும் மலைபோல் குவிவது உண்மைதான். ஆனால் அது மூன்று மாதச் சரக்கு. முக்கால் பங்குக்கு மேல் ஈரம். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். மறுநாளே புளிக்கும், ஈ மொய்க்கும், காய வைப்பதற்குள் ஆனிச் சாரல் வந்துவிடும். தோலில் இருக்கிற பெக்டின் என்ற பசைச்சத்து அருமையான பொருள். அதை மெல்லிய படலமாக வார்த்தால் எண்ணெயை நன்றாகத் தடுக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் குழைந்துவிடும். கடலை மிட்டாய் சுற்றலாம், ரசம் ஊற்ற முடியாது. முதல் முதலீட்டை இதில் போடாதீர்கள். ஆர்வம் இருந்தால் திருவனந்தபுரம் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான நிஸ்ட்டில் போய்ப் பாருங்கள். வேளாண் கழிவிலிருந்து தட்டு, கிண்ணம் செய்யும் முறைகளை உருவாக்கித் தொழில்முனைவோருக்குக் கொடுக்கிறார்கள்.

இனி என் தொழிலைப் பற்றி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் வரை பாக்குத் தோப்பு இருக்கிறது. மட்டை தானாக விழுகிறது. அரைக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம். ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, வடியவிட்டு, சூடான டையில் (உலோக அச்சில்) ஒரு நிமிடம் அழுத்தினால் தட்டு. கழிவு என்று வெளியே போவது மண் கலந்த தண்ணீர் மட்டும்தான். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். ஆனால் ஈரத்தைக் கவனிக்காவிட்டால் எல்லாம் போச்சு. முதல் வருடம் ஐப்பசி மழையில் ஓசூரில் ஒரு கல்யாணத்துக்கு 2,000 தட்டு அனுப்பினேன். டையிலிருந்து எடுத்த அன்றே அடுக்கி, கவரில் இறுக்கிக் கட்டிவிட்டேன். பந்தி நாள் காலையில் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை. எல்லாக் கட்டையும் திரும்ப ஏற்றிக்கொண்டு, என் செலவில் வாழை இலைக்கு ஏற்பாடு செய்தேன். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது அழுத்திய தட்டை இரண்டு நாள் காற்றாட நிறுத்தி வைக்கிறேன். ஒவ்வொரு கட்டிலும் ஒரு தட்டின் ஓரத்தை ஒடித்துப் பார்ப்பேன். டக்கென்று ஒடிந்தால் சரி, வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பாக்கு மட்டையில் இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பாக்கு மட்டைத் தட்டுகளை விற்கவும் பயன்படுத்தவும் வேண்டாம் என்று அறிவித்தது. பாக்கில் இருக்கிற அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது காரணம். ஏற்றுமதியை நம்பிப் பெரிய ஷெட் போட்டவர்களுக்கு அது பலத்த அடி. "அமெரிக்கா ஆர்டர் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி மட்டை மெஷின் விற்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நானே சூப் கிண்ணம் போடுவதை நிறுத்திவிட்டேன். நீர்த்த, சூடான உணவு வெகுநேரம் நிற்கிற பாத்திரத்துக்கு இந்த மட்டை வேண்டாம் என்பது என் முடிவு.

சரி, நீங்கள் நினைத்திருப்பது நாரைக் கூழாக்கி அச்சில் வார்க்கிற முறை. அதற்குப் பணம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, வீட்டில் இதைச் செய்து பாருங்கள். கால் கிலோ காய்ந்த சோகையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு பிடி வாழை நாரைச் சேர்த்து இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் எவர்சில்வர் பாத்திரத்தில் முப்பது கிராம் சலவை சோடா போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். வீட்டுக்குள் செய்யாமல் வாசலில் விறகு அடுப்பில் செய்தால் அம்மாவிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம். நார் விரலால் பிய்க்கிற பதத்துக்கு வந்ததும் துணியில் கொட்டி, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். அப்புறம் பழைய கிரைண்டரில் தண்ணீர் விட்டு அரையுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் பஞ்சு மாதிரி உருண்டையாக நிற்க வேண்டும்.

அதை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். இன்னொன்றில் புளியங்கொட்டைக் கஞ்சி இரண்டு கரண்டி விடுங்கள். கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, பருப்பை மாவாக்கிக் காய்ச்சினால் கஞ்சி. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் புளி தட்டுவது பெரிய வேலை, கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. சணலுக்கும் பருத்தி நூலுக்கும் கஞ்சி போட இந்த மாவைத்தான் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருக்கிற சைலோகுளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி தாவர நாரோடு இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும். மரம், செடிகளின் செல் சுவரிலும் அதே வேலையைத்தான் அது செய்கிறது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் கூழைக் கரைத்து, மாவு சல்லடையில் அள்ளி, வடியவிட்டு, துணி வைத்து அழுத்தி, ஒரு கிண்ணத்தின் முதுகில் கவிழ்த்து வெயிலில் காய விடுங்கள். மறுநாள் இரண்டையும் ஒடித்துப் பாருங்கள். கஞ்சி போட்டது ஒடிவதற்கு முன் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இரண்டிலும் சூடான ரசம் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்களில் இரண்டுமே அடியில் கசியும். உங்கள் தொழிலின் மொத்தப் பிரச்சினையும் அந்தச் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அலசியபோது வந்த கரும்பழுப்புத் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்? கால் கிலோவுக்கே இரண்டு குடம் வந்திருக்கும். ஒரு டன்னுக்கு நினைத்துப் பாருங்கள். அதில் நாரை இறுக்கிப் பிடித்திருந்த லிக்னினும் சோடாவும் இருக்கின்றன. கிணற்றில் இறங்கினால் கிணறு கெட்டது. ஏற்கெனவே ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீர் நம்முடையது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் போர்வெல் போட்டு, சோடா வைத்துக் கூழ் காய்ச்சுகிற ஆலையை யாரும் தொடங்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டுதான் போட வேண்டும் என்றால், பெரிய ஆலையில் காய்ச்சிய சக்கைக் கூழை அட்டையாக விலைக்கு வாங்கி, இங்கே கரைத்து அச்சில் வாருங்கள். அதில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும், கெடுதல் இல்லை.

ஆனால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 5 கிராம் நார் என்கிற அளவில் கலவை இருக்கும். 20 கிராம் தட்டுக்கு நாலு லிட்டர் கலவை அச்சில் ஏறி, தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறங்க வேண்டும். அச்சிலிருந்து வருகிற ஈரத் தட்டில் இன்னும் சுமார் 50 கிராம் தண்ணீர் நிற்கும். அதைச் சூட்டில்தான் போக்க முடியும். ஒரு நாளைக்கு 10,000 தட்டு என்றால் 500 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 350 யூனிட் வேண்டும். நடைமுறையில் அதைவிட நிறைய ஆகும். மெஷின் விற்பவர் காட்டுகிற லாபக் கணக்கில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது அந்த ரசக் கசிவு. அதைத் தடுக்க இரண்டு குறுக்கு வழிகள் உண்டு, இரண்டுமே தப்பு. ஒன்று, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2018 ஜூனில் அரசாணை வந்து, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டே "இயற்கைத் தட்டு" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் கையால் கசக்குங்கள். நார் கரைந்து போய், கண்ணாடி மாதிரி ஒரு தோல் மட்டும் கையில் வந்தால் அது பிளாஸ்டிக்.

இரண்டாவது வழி இன்னும் மோசமானது, ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் இறங்காமலிருக்க பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளூரின் ரசாயனங்களைக் கூழிலேயே கலப்பது. மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குகிற வகை இவை. டென்மார்க் 2020 ஜூலையில் உணவுக் காகிதங்களில் இதைத் தடுத்தது. கலிஃபோர்னியா 2023 ஜனவரியிலிருந்து தாவர நார் உணவுப் பொட்டலங்களில் தடுத்தது. மக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தத் தட்டே? உரக்குழியில் போட்ட தட்டு மக்கி, இந்த ரசாயனம் மட்டும் மண்ணில் தங்கி, அடுத்த போகக் கத்தரிக்காய்க்குள் போகும் என்றால் அதைவிட பிளாஸ்டிக்கே மேல் என்பேன். சந்தேகம் வந்தால் தட்டில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுங்கள். சாதாரண நார்த் தட்டில் மெல்ல ஊறிக் கறை படியும். முத்து மாதிரி உருண்டு நின்றால் என்ன கலந்தது என்று விற்றவரைக் கேளுங்கள். ஆய்வகத்தில் மொத்த ஃபுளூரின் சோதனை செய்தால் உறுதியாகிவிடும்.

இதையெல்லாம் சொன்னதும், "அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதா?" என்று கேட்பீர்கள். முடியும். என் யோசனை, பார்சல் டப்பாவை விட்டுவிட்டுப் பழத் தட்டில் தொடங்குங்கள். பெங்களூரா லாரியில் கொட்டிக் கூழ் ஆலைக்குப் போகிறது, அதற்குத் தட்டு வேண்டாம். ஆனால் செந்தூரா, அல்போன்சா, மல்கோவா பெட்டியில் அடுக்கி பெங்களூருக்கும் சென்னைக்கும் போகின்றன. அடியில் வைக்கோலோ பழைய செய்தித்தாளோ தெர்மகோல் வலையோ போடுகிறார்கள். அச்சு மையில் இருக்கிற பொருட்கள் உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முட்டைத் தட்டு மாதிரி, மாம்பழ அளவுக்குக் குழி வைத்த நார்த் தட்டு அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பழத்தின் தோல்தான் தட்டில் படுகிறது. எண்ணெய் இல்லை, ரசம் இல்லை, பூச்சு எதுவும் வேண்டாம். பளபளப்பான தட்டு தேவையில்லாததால் சூடான அழுத்தமும் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் ரேக்கில் அடுக்கிக் காய வைத்தாலே போதும். மின்சாரம் பெருமளவு மிச்சம்.

சோடாவும் வேண்டாம். பழத் தட்டுக்குக் கரடுமுரடான கூழ் போதும். ஓசூர் தொழிற்சாலைகளில் மை படாத பழுப்பு அட்டைத் துண்டுகள் நிறைய விழுகின்றன. வெறும் தண்ணீரில் கரைந்துவிடும். அதோடு ஊறவைத்து இடித்த வாழை நாரும் சோகையும் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்து, புளியங்கொட்டைக் கஞ்சி விட்டுப் பாருங்கள். நீளமான வாழை நார் இருப்பதால் குழியின் ஓரம் கிழியாது. சோகை கார்த்திகை முதல் பங்குனி வரை கிடைக்கும். தட்டைக் காய வைத்து மூட்டை கட்டி வைத்தால் மாம்பழம் வரும்போது சரக்கு தயாராக இருக்கும். மாம்பழம் முடிந்ததும் முட்டைத் தட்டுக்கு அச்சை மாற்றிக்கொள்ளலாம், நாமக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது.

மரவள்ளித் திப்பியையும் மனதில் வைத்திருங்கள். ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சுகிற அந்தத் திப்பியில் மாவுச்சத்தும் நாரும் சேர்ந்தே இருக்கின்றன. ஈரமாகப் பிசைந்து, சூடான அச்சில் வேஃபர் மாதிரி சுட்டால் உள்ளிருக்கிற தண்ணீர் ஆவியாகி, தெர்மகோல் போல உப்பி நிற்கும். காற்று ஈரம் பட்டால் தளர்ந்துபோவதால் முறுக்கு, இனிப்புப் பெட்டிக்குள் வைக்கிற தட்டுக்குப் பொருத்தம். ஆனால் திப்பியும் தீவனமாகப் போகிற சரக்கு என்பதை மறக்காதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வருகிற தெர்மகோலுக்கு மாற்றாக, அட்டை, மரத்தூள், தென்னை நார்த்தூள், வைக்கோல் போன்றவற்றில் சிப்பிக் காளான் இழையை வளர்த்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் செய்து காட்டியிருக்கிறார்கள். அது வேறு தொழில், இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்.

விதிமுறைகளில் இரண்டை மட்டும் இப்போதே வாங்கிப் படியுங்கள். 2018-இன் உணவுப் பாதுகாப்புப் பொட்டல விதிகள் ஒன்று. மற்றது வேளாண் துணைப்பொருட்களில் செய்த உணவுத் தட்டு, கிண்ணங்களுக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த ஐ.எஸ். 18267. ரசாயனம், ரெசின், பசை எதுவும் கூடாது என்று அதில் இருக்கிறது. பணத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி. பற்றிக் கேளுங்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்குக் கிடைக்கும். கிராமப் பகுதியில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதமும் மானியம். நான்கு பேரில் யாராவது ஒருவருடைய மனைவியோ தங்கையோ இதில் உண்மையிலேயே ஈடுபாடு காட்டினால் அவர் பெயரில் விண்ணப்பியுங்கள்.

இப்போது மெஷின். புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற முட்டைத் தட்டு யூனிட் ஒன்றில் பேசி, உங்கள் கூழை எடுத்துக்கொண்டு போய், ஒரு நாள் வாடகைக்கு ஓட்டுங்கள். மாம்பழக் குழி வைத்த ஒரே ஒரு அச்சுக்கு மட்டும் பணம் செலவழியுங்கள். குழி ஆழத்துக்கு, காவேரிப்பட்டணம் பக்கம் மண்டியில் நின்று ஐம்பது செந்தூராவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நூறு தட்டு வந்ததும் பத்துப் பெட்டியில் பழம் அடுக்கி, பெங்களூர் போகிற வண்டியில் தெரிந்த டிரைவரிடம் கொடுத்து, அங்கே பிரிக்கும்போது நீங்களும் கூட இருங்கள். பழத்தின் அடியில் கன்றிப்போன தழும்பு இருந்தால் குழி ஆழம் போதவில்லை. பக்கவாட்டில் இருந்தால் இரண்டு குழிக்கு நடுவே இருக்கிற மேடு தாழ்ந்திருக்கிறது. தட்டே நமுத்துப்போயிருந்தால் வெயிலில் இன்னொரு நாள் கிடந்திருக்க வேண்டும். அந்தப் பத்துப் பெட்டியில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள் தம்பி, அச்சை எங்கே திருத்துவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.